ஆயா தனியா இருக்கும்போதும் டிவி ஓடணும்: கூட்டு வீட்டில் ஸ்டிக் மாட்டுவது எப்படி

எங்கள் வீடு வடசென்னையில், தண்டையார்பேட்டையில். ஒரு ஹால், இரண்டு அறை, ஒரே ஒரு டிவி. அதன் முன்னால் ஏழு பேர்: பாட்டி (நாங்கள் ஆயா என்போம்), அம்மா, அண்ணன், அண்ணி, அவர்களுடைய இரண்டு பிள்ளைகள், நான். மூன்று வருடத்துக்கு முன் நான்தான் ஆசைப்பட்டு, நெட்டில் வரும் படத்தையும் சீரியலையும் டிவியில் காட்ட, அதன் பின்னால் செருகுகிற ஸ்டிக் ஒன்றை வாங்கி வந்தேன். என் மெயில் ஐடி, என் ஃபோன் நம்பர், எனக்குப் பிடித்த ஆப்கள் என்று அரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் போட்டு முடித்துவிட்டு மறுநாள் வேலைக்குப் போய்விட்டேன். மத்தியானம் இரண்டரை மணிக்கு ஆயாவிடமிருந்து ஃபோன். "டிவில இங்கிலீஸ்ல ஏதோ கேக்குதுடா. என்னான்னு சொல்றது?"

யார் பார்க்கிறீர்கள் என்று கேட்கும் திரை அது. நாலு வட்டம், நாலு பொம்மை முகம். அதில் ஆயாவின் முகம் இல்லை. அன்றைக்கு அவர் சீரியல் பார்க்கவில்லை.

இந்த ஸ்டிக், பாக்ஸ் எல்லாம் ஒருவருக்கு ஒரு டிவி, ஒரு ஃபோன், ஒரு கணக்கு என்று நினைத்துச் செய்யப்பட்டவை. நம் வீடுகள் அப்படி இல்லை. வாங்கியவர் காலையில் கிளம்பிப் போய்விடுவார். நாள் முழுக்க அதோடு இருக்கப்போகிறவர் வேறு ஒருவர். அவரை மனதில் வைத்து மாட்டினால்தான் அது வீட்டுக்கு ஆகும். அதன்பிறகு எங்கள் தெருவிலும், காசிமேட்டில் அக்கா வீட்டிலும், விம்கோ நகரில் நண்பர்களின் ரூமிலுமாக ஒரு பத்துப் பன்னிரண்டு இடத்தில் மாட்டிக் கொடுத்துவிட்டேன். எந்த வரிசையில் செய்தால் அப்புறம் ஃபோன் வராதோ, அந்த வரிசையில் சொல்கிறேன்.

முதலில் டிவியின் முதுகைப் பாருங்கள்

கடைக்குப் போவதற்கு முன் டிவியைச் சுவரிலிருந்து கொஞ்சம் இழுத்து, பின்னால் எச்டிஎம்ஐ என்று எழுதிய ஓட்டை இருக்கிறதா, இருந்தால் எத்தனை, அதில் ஒன்று காலியா என்று பாருங்கள். கேபிள் பாக்ஸ் ஏற்கெனவே ஒன்றைப் பிடித்திருக்கும். இரண்டு இருந்தால் கவலை இல்லை. ஒன்றுதான் என்றால், கேபிள் பாக்ஸை மஞ்சள், சிவப்பு, வெள்ளை மூன்று ஒயருக்கு மாற்றிவிட்டு எச்டிஎம்ஐயை ஸ்டிக்குக்குக் கொடுங்கள். இரண்டையும் மாற்றி மாற்றிப் பிடுங்கிச் செருகலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். நாளாக ஆக ஓட்டை லூசாகிவிடும்.

2006-ல் தொடங்கி அரசு இலவசமாகக் கொடுத்த கலர் டிவி இன்னும் ஓடுகிற வீடுகள் நம் பக்கம் உண்டு. அதில் எச்டிஎம்ஐ கிடையாது. எச்டிஎம்ஐயிலிருந்து ஏவிக்கு, அதாவது அந்த மூன்று ஒயருக்கு, மாற்றும் சின்னப் பெட்டி ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். பர்மா பஜாரிலோ ரிச்சி தெருவிலோ கேட்டால் எடுத்துத் தருவார்கள். திசையைச் சரியாகச் சொல்லிக் கேளுங்கள். ஏவியிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றுவது வேறு பெட்டி, பார்க்க இரண்டும் ஒன்று போலவே இருக்கும். நான் ஒரு தடவை மாற்றி வாங்கிவந்து, கடற்கரை ஸ்டேஷன் வரை திரும்ப நடந்திருக்கிறேன். இந்த வழியில் படம் வரும், ஆனால் எழுத்து பொடியாகத் தெரியும். சில ஆப்கள், படத்தை நகலெடுக்க விடாமல் போட்டிருக்கும் பூட்டு காரணமாகக் கறுப்புத் திரையோடு நின்றுவிடும். யூடியூப் போதும் என்பவருக்கு இது சரி. மாதச் சந்தா கட்டிப் பார்க்கப் போகிறவர் அந்தக் காசை ஒரு சின்ன எல்இடி டிவிக்குச் சேர்த்து வைப்பது நல்லது.

எதை வாங்குவது என்று அதிகம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். பெயர் தெரிந்த கம்பெனியின் ஸ்டிக்கோ, ஃபைபர் இணைப்போடு வரும் பாக்ஸோ போதும். ஒன்றை மட்டும் தவிருங்கள்: 'எல்லா சேனலும் ஃப்ரீ, ஆயுசுக்கும் காசு கட்ட வேண்டாம்' என்று விற்கும் பெயரில்லாத பெட்டி. 2023-ல் பேட்பாக்ஸ் என்று ஒரு விவகாரம் வெளியே வந்தது. மலிவான ஆண்ட்ராய்டு பெட்டிகள் சிலவற்றில், வாங்குகிறவர் கைக்கு வருவதற்கு முன்பே திருட்டு நிரல் ஏற்றப்பட்டிருந்ததைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அந்தப் பெட்டி உங்கள் வீட்டு வைஃபையில்தான் உட்காரும், அதே வைஃபையில்தான் அண்ணன் ஜிபேயும் போடுவார். போதாததற்கு, உரிய சான்று இல்லாத பெட்டியில் நெட்ஃபிளிக்ஸ் போன்றவை தெளிவான படத்தையும் தராது.

கரண்ட்: பாதித் தகராறு இங்கேதான்

ஸ்டிக்கோடு ஒரு அடாப்டரும் ஒயரும் வரும். அடாப்டரைப் பெட்டியிலேயே விட்டுவிட்டு, ஒயரை டிவியின் யுஎஸ்பி ஓட்டையில் செருகிவிடுகிறோம். பார்க்க அழகாக இருக்கும், பிளக் பாயிண்டும் மிச்சம். ஆனால் டிவியின் சாதாரண யுஎஸ்பி ஓட்டை தரும் மின்சாரம் பெரும்பாலும் அரை ஆம்பியர்தான். ஸ்டிக் கேட்பது ஒரு ஆம்பியர் அளவுக்கு. சும்மா மெனு பார்க்கும்போது ஒன்றும் தெரியாது. படம் ஓட ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் தானாக அணைந்து, லோகோவோடு முதலிலிருந்து வரும். அக்கா வீட்டில் ஒரு வாரம் இதே கதை. சரியாகச் சீரியலின் கடைசி ஐந்து நிமிடத்தில் அணையும். அக்காவின் மாமியார், பக்கத்து வீட்டுக்காரர்தான் ஏதோ செய்கிறார் என்று முடிவே கட்டிவிட்டார். அடாப்டரைச் சுவரில் போட்டதும் நின்றுவிட்டது. பக்கத்து வீட்டோடு பேச்சு மட்டும் இன்னும் சரியாகவில்லை.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தரையில் வைக்காதீர்கள். ஆணி அடித்துச் சுவரில் முழங்காலுக்கு மேலே மாட்டுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, கொடுங்கையூர் பக்கம் இருந்தவர்களுக்கு ஏன் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கடலுக்குக் கிட்டே இருப்பவர்களுக்கு இன்னொன்று. காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் குப்பம் பக்கம் உப்புக் காற்றில் எந்தத் தகரமும் சீக்கிரம் பூத்துவிடும். எச்டிஎம்ஐ முனையும் அப்படித்தான். திடீரென்று 'சிக்னல் இல்லை' என்று வந்தால் டிவி போய்விட்டது என்று பதற வேண்டாம். சுவிட்சை அணைத்து, ஸ்டிக்கைக் கழற்றி, காய்ந்த துணியால் துடைத்து, இரண்டு மூன்று தடவை செருகி எடுத்துப் பாருங்கள். டிவி சுவரோடு ஒட்டி மாட்டியிருந்தால் ஸ்டிக் மடங்கி நிற்கும். பெட்டியோடு சில சமயம் குட்டி எச்டிஎம்ஐ ஒயர் ஒன்று வரும். அதை நடுவில் போட்டால் ஸ்டிக் தொங்கிக்கொண்டு நிற்கும், சூடும் குறையும், வைஃபையும் நன்றாகப் பிடிக்கும்.

வைஃபை

படம் ஓட எவ்வளவு வேகம் வேண்டும்? நெட்ஃபிளிக்ஸ் சொல்லும் கணக்கு இது: எச்டிக்கு 3 எம்பிபிஎஸ், ஃபுல் எச்டிக்கு 5, 4கேவுக்கு 15. இன்றைய ஃபைபர் இணைப்பு எதற்கும் இது பெரிய விஷயமில்லை. அப்படியும் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தால் குறை பெரும்பாலும் ரௌட்டர் இருக்கும் இடத்தில்தான். ஒயர் இழுக்க வந்த தம்பி வாசல் பக்கத்திலேயே மாட்டிவிட்டுப் போயிருப்பார்; டிவி உள்ளே இருக்கும்; நடுவில் ஒரு சுவர், அதை ஒட்டி இரும்பு பீரோ. பீரோவைத் தாண்டி வைஃபை வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ரௌட்டரை உயரத்தில், பீரோவுக்கு மறைவில்லாத இடத்தில் மாட்டச் சொல்லுங்கள்.

ரௌட்டர் இரண்டு பெயரில் வைஃபை கொடுக்கும், ஒன்றின் முடிவில் 5ஜி என்று இருக்கும். அது ஃபோனில் வரும் 5ஜி அல்ல, 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை. அதில் வேகம் அதிகம், சுவர் தாண்டும் சக்தி குறைவு. 2.4 அலைவரிசை தூரம் போகும், ஆனால் நம் சந்துகளில் அதில் கூட்டம். எங்கள் ஹாலில் நின்று தேடினால் பதினெட்டுப் பெயர் வருகிறது, பதினேழு பக்கத்து வீடுகளுடையவை. ரௌட்டரும் டிவியும் ஒரே அறையில் இருந்தால் 5, நடுவில் சுவர் இருந்தால் 2.4 என்று ஆரம்பித்து, எது நிற்காமல் ஓடுகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபைபர் இல்லாமல் ஃபோன் ஹாட்ஸ்பாட்டிலேயே ஓட்டலாமா என்று கேட்பார்கள். எச்டி தரத்தில் மணிக்கு 3 ஜிபி வரை இழுக்கும். தினமும் 2 ஜிபி தரும் ரீசார்ஜில் இடைவேளை வரைகூடப் போகாது. அதோடு, ஃபோன்காரர் பால் வாங்கப் போனால் டிவியும் கூடவே போய்விடும்.

யார் பெயரில் கணக்கு?

நிறையப் பேர் யோசிக்காமல் தாண்டிவிடும் இடம் இது. நானும் தாண்டினேன்.

அக்கா வீட்டில் எல்லாச் சந்தாவும் மாமா நம்பரில் இருந்தது. மாமா காசிமேட்டிலிருந்து விசைப்படகில் போகிறவர். போனால் திரும்ப ஒரு வாரம், பத்து நாள் ஆகும். ஒரு நாள் ஸ்டிக் தானாக லாக்அவுட் ஆகிவிட்டது. உள்ளே போக நம்பரைப் போட்டால் ஓடிபி மாமா ஃபோனுக்குப் போகிறது. மாமாவோ சிக்னல் இல்லாத கடலில். அவர் கரைக்கு வந்து, மீன் இறக்கி, ஏலம் முடிந்து, வீட்டுக்கு வந்து குளித்து, ஃபோனை எடுத்துப் பார்க்கும் வரை பிள்ளைகள் தினமும் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடல் வேலை என்றில்லை. நைட் ஷிஃப்ட், துறைமுக வேலை, ஃபோனை லாக்கரில் வைத்துவிட்டுப் போக வேண்டிய கம்பெனி, எல்லாவற்றுக்கும் இதே கதிதான்.

அதனால் வீட்டுக்கென்று ஒரு மெயில் ஐடி புதிதாகத் திறந்துகொள்ளுங்கள். உங்கள் சொந்த ஐடியைப் போட்டால் உங்கள் யூடியூப் வரலாறு ஹாலில் விரியும், வேலைக்கு விண்ணப்பித்தது முதல் எல்லாம் பிள்ளைகள் கையில். ஃபோன் நம்பராக, பகலில் பெரும்பாலும் வீட்டில் இருப்பவரின் நம்பரைக் கொடுங்கள். எங்கள் வீட்டில் அது அம்மாவின் நம்பர். ஓடிபி வந்தால் எங்கே வரும், எத்தனை எண், யாருக்குச் சொல்லலாம், யாருக்குச் சொல்லக் கூடாது என்று அம்மாவிடம் ஒரு தடவை உட்கார்ந்து சொல்லிவிடுங்கள். 'டிவி திரையில் நாம் கேட்ட அதே நேரத்தில் வந்தால் மட்டும் போடு, ஃபோன் பண்ணிக் கேட்கிறவனுக்குச் சொல்லாதே' என்பது போதும். பாஸ்வேர்டை ரேஷன் கார்டு இருக்கும் இடத்தில் எழுதி வையுங்கள். எழுதி வைக்கக் கூடாது என்று பாதுகாப்பு தெரிந்தவர்கள் சொல்வார்கள். அவர்கள் வீட்டில் ஆயா இல்லை போலிருக்கிறது.

சந்தா கட்டும்போது மலிவானதைப் பார்த்து ஏமாறாதீர்கள். நெட்ஃபிளிக்ஸில் 149 ரூபாய் சந்தா ஃபோனுக்கும் டேப்லெட்டுக்கும் மட்டும், டிவியில் வராது. 199 ரூபாய்க்கு டிவியில் வரும், ஆனால் ஒரு நேரத்தில் ஒரு திரைதான். ஹாலில் அண்ணி பார்க்கும்போது நீங்கள் மின்சார ரயிலில் ஃபோனில் திறந்தால் ஒருவருக்கு நின்றுவிடும். இரண்டு திரைக்கு 499, நாலு திரைக்கு 649. விலை அவ்வப்போது மாறும், கட்டும் முன் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். ஜியோஹாட்ஸ்டாரிலும் மொபைலுக்கு மட்டும் என்று தனிச் சந்தா உண்டு. 2023 ஜூலையிலிருந்து நெட்ஃபிளிக்ஸ் கணக்கு ஒரே வீட்டில் வசிப்பவர்களுக்கு மட்டும் என்று இந்தியாவிலும் கறாராகிவிட்டது. அதனால் பெரம்பூரில் இருக்கும் சித்தப்பாவோடு பங்கு போடும் கணக்கெல்லாம் இனி ரொம்ப நாள் ஓடாது.

எல்லாச் சந்தாவையும் சேர்த்து வாங்குவதற்கு முன், வீட்டில் எந்த சேனல் சீரியல் ஓடுகிறது என்று கேளுங்கள். சன் டிவி சீரியல் என்றால் சன் நெக்ஸ்ட். விஜய் டிவி என்றால் ஜியோஹாட்ஸ்டார். ஜீ தமிழ் என்றால் ஜீ5. பாதி வீடுகளில் இந்த மூன்றில் ஒன்றும் யூடியூபும் இருந்தாலே வருடம் ஓடிவிடும்.

முகங்களும் பூட்டும்

இப்போது அந்த வட்டமான முகங்களுக்கு வருவோம். நெட்ஃபிளிக்ஸில் ஐந்து பேருக்குத் தனித்தனிப் பக்கம் திறக்கலாம், பிரைம் வீடியோவில் ஆறு பேருக்கு. ஏழு பேருக்கு ஏழு பக்கம் வேண்டும் என்று நினைக்காதீர்கள். மூன்று போதும்: ஆயா மாதிரிப் பெரியவர்கள், பிள்ளைகள், மற்றவர்கள். பெயரைத் தமிழில் டைப் செய்ய முடிந்தால் தமிழில் வையுங்கள். படிக்கத் தெரியாதவருக்குப் படம்தான் பெயர். ஆயாவிடமே ரிமோட்டைக் கொடுத்து, எது உன் பொம்மை என்று தேர்ந்தெடுக்கச் சொன்னேன். கண்ணாடி போட்ட ஒரு சிவப்புப் பிராணியைக் காட்டி, "இது உங்க தாத்தா மாதிரி கீது" என்றார். அன்றையிலிருந்து அவர் தாத்தாவை அழுத்தித்தான் உள்ளே போகிறார். தப்பாகப் போனதே இல்லை.

பிள்ளைகளுக்குக் குழந்தைகள் பக்கம் என்று தனியாகக் குறித்துவிடுங்கள். அதோடு விட்டால் அவர்கள் 'மற்றவர்கள்' பக்கத்துக்குள் போய்விடுவார்கள். ஐந்து வயதிலேயே தெரிந்துவிடுகிறது. அதனால் 'மற்றவர்கள்' பக்கத்துக்கு நாலு இலக்கப் பின் போடுங்கள். ஆயா பக்கத்துக்குப் போட வேண்டாம், அவருக்கு அது தண்டனை. காசு போகும் இடத்துக்கு, அதாவது படம் வாடகைக்கு எடுப்பது, ஆப் வாங்குவது போன்றவற்றுக்கு, கட்டாயம் பின் வேண்டும். பின்னைத் தட்டும்போது ரிமோட்டில் கை அசைவதைப் பிள்ளைகள் கவனித்துக்கொண்டுதான் இருப்பார்கள். பிறந்த வருடத்தை வைக்காதீர்கள்.

யூடியூபில் தானாக அடுத்த வீடியோ ஓடுவதை நிறுத்திவிடுங்கள். ஆயா பக்திப் பாட்டு கேட்டபடி தூங்கிவிடுவார். அவர் முழிக்கும்போது டிவியில் யாரோ பாம்பு பிடித்துக்கொண்டிருப்பார்கள்.

முகப்பும் ரிமோட்டும்

ஸ்டிக் முதலில் காட்டும் பக்கம் அந்தக் கம்பெனிக்கு வேண்டிய பக்கம், நமக்கு வேண்டியது அல்ல. பெரிய விளம்பரம் ஓடும், இருபது ஆப் இருக்கும், நமக்கு வேண்டியது பன்னிரண்டாவது இடத்தில் ஒளிந்திருக்கும். வேண்டாததை எல்லாம் நீக்குங்கள். நீக்க முடியாததைக் கடைசிக்குத் தள்ளுங்கள். ஆப் மேல் நின்று, நடு பட்டனையோ மெனு பட்டனையோ பிடித்து அழுத்தினால் நகர்த்தும் வழி வரும். முதல் மூன்று இடத்தில், பகலில் வீட்டில் இருப்பவர் பார்ப்பது மட்டும். உங்களுடையது ஐந்தாவதாக இருக்கட்டும், உங்களுக்குத் தேடத் தெரியும். முகப்பில் தானாகச் சத்தத்தோடு ஓடும் முன்னோட்டங்களை அமைப்புக்குள் (செட்டிங்ஸ்) போய் அணைத்துவிடுங்கள்.

ரிமோட் விஷயத்தில் ஒரு சங்கதி பலருக்குத் தெரியாது. இந்த ரிமோட் ஸ்டிக்கோடு புளூடூத்தில் பேசும். எந்தப் பக்கம் நீட்டினாலும் வேலை செய்யும், போர்வைக்குள்ளிருந்தும் வேலை செய்யும். ஆனால் டிவியின் சத்தத்தைக் கூட்டிக் குறைப்பதும், டிவியை ஆன் ஆஃப் செய்வதும் பெரும்பாலும் பழைய முறையில், அகச்சிவப்பு ஒளியில்தான் போகும். அதற்கு டிவியைப் பார்த்து நேராக நீட்ட வேண்டும். டிவிக்கு முன்னால் பிள்ளை நின்றால் மெனு நகரும், சத்தம் நகராது. "பாதி ரிமோட் செத்துப்போச்சு" என்று வீட்டில் சொன்னால் பேட்டரியை மாற்றுவதற்கு முன் முன்னால் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள்.

அப்புறம் 'சோர்ஸ்' பட்டன். கேபிளிலிருந்து ஸ்டிக்குக்கும், ஸ்டிக்கிலிருந்து கேபிளுக்கும் மாற்றுவதுதான் பெரியவர்களுக்கு மிகவும் கஷ்டம். டிவியின் அமைப்பில் எச்டிஎம்ஐ சிஇசி என்று ஒன்று இருக்கும். சாம்சங்கில் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க் என்று ஆளுக்கொரு பெயர். அதை ஆன் செய்துவிட்டால் ஸ்டிக் ரிமோட்டில் வீடு படம் போட்ட பட்டனை அழுத்தியதும் டிவி தானாக அந்தப் பக்கம் வந்துவிடும். கேபிளுக்குத் திரும்புவது மட்டும் டிவி ரிமோட்டில். அந்த ஒரு பட்டனில் சிவப்பு நெயில் பாலிஷ் ஒரு பொட்டு வைத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் சோர்ஸ் பட்டனுக்கு 'பொட்டு' என்றே பெயர்.

மைக் பட்டனைப் பெரிதாக நம்பாதீர்கள். அமேசானின் ஃபயர் டிவி ஸ்டிக்கில் நம் குரலைக் கேட்கும் அலெக்ஸாவுக்கு, இந்தியாவில் ஆங்கிலமும் இந்தியும்தான் தெரியும்; தமிழ்ப் படப் பெயரைச் சொன்னால் அது கேட்டுக்கொள்வது வேறு ஏதோவாக இருக்கும். எழுதித் தேடும்போதும் ஒரே பெயரை ஆப்புக்கு ஆப் வேறு மாதிரி ஆங்கிலத்தில் எழுதியிருப்பார்கள். 'ழ' வந்தால் இசட்-எச், எல் இரண்டையும் போட்டுப் பாருங்கள். நெடிலுக்கு ஒரு ஏ, இரண்டு ஏ. முழுப் பெயரையும் அடிக்காமல் முதல் நாலு எழுத்தோடு நிறுத்திப் பார்த்தால் பெரும்பாலும் கீழேயே வந்துவிடும்.

கற்றுக்கொடுக்கும் நாள்

உங்கள் கையில் ரிமோட் இருக்கக் கூடாது. இது ஒன்றுதான் விதி. நீங்கள் அழுத்திக் காட்டினால் அவர்கள் தலையாட்டுவார்கள், மறுநாள் ஃபோன் வரும். டிவியை முழுசாக அணைத்துவிட்டு, ரிமோட்டை அவர் கையில் கொடுத்துவிட்டு, பின்னால் போய் உட்காருங்கள். ஆயா முதல் நாள் ஆறு தடவை தப்பாகப் போனார். எங்கெல்லாம் நின்றாரோ அதை மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டேன். அதில் இரண்டை அமைப்பில் மாற்றிவிட முடிந்தது, நாலைத்தான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது.

முக்கியமாக இரண்டைச் சொல்லுங்கள். ஒன்று, எங்கே மாட்டிக்கொண்டாலும் வீடு பட்டனை அழுத்தினால் ஆரம்பத்துக்கு வந்துவிடலாம், எதுவும் கெட்டுப்போகாது. பெரியவர்களைத் தடுப்பது அறியாமை அல்ல, காசு கொடுத்து வாங்கியதை உடைத்துவிடுவோமோ என்ற பயம். இரண்டு, ரொம்ப நேரம் எதையும் தொடாமல் பார்த்தால், இன்னும் பார்க்கிறீர்களா என்று ஒரு கேள்வி ஆங்கிலத்தில் வந்து படம் நின்றுவிடும். அப்போது நடு பட்டனை ஒரு தடவை அழுத்தினால் போதும். இதைச் சொல்லாத வீட்டில், அந்தக் கேள்வி வந்ததும் டிவியை அணைத்துவிட்டு மாலை வரை சும்மா உட்கார்ந்திருந்த ஒரு தாத்தாவை எனக்குத் தெரியும்.

கேபிளை அறுக்காதீர்கள்

ஸ்டிக் வந்த உற்சாகத்தில் கேபிளை நிறுத்திவிடுவார்கள். ஆறு மாதமாவது இரண்டும் இருக்கட்டும். 2003-ல் நாட்டிலேயே முதலில் செட்டாப் பாக்ஸுக்கு மாறிய ஊர் சென்னை. அந்த ரிமோட்டில் சேனல் நம்பர் மனப்பாடமாகி இருபது வருடம் ஆனவர்கள் வீட்டில் இருக்கிறார்கள். நெட் போன அன்றைக்கு அதுதான் கை கொடுக்கும்.

இன்னொரு காரணம் கிரிக்கெட். ஸ்ட்ரீமிங்கில் வரும் நேரலை, கேபிளைவிட அரை நிமிடம் போலப் பின்னால் வரும். தனி பங்களாவில் இது தெரியாது. எங்கள் சந்தில் சுவருக்குச் சுவர் டிவி. பந்து வீச்சாளர் நம் திரையில் இன்னும் ஓடி வந்துகொண்டிருப்பார், பக்கத்து வீட்டில் "ஓ" என்று கத்தல் வந்துவிடும். விக்கெட்டா சிக்ஸரா என்பதுகூடக் கத்தும் ராகத்திலேயே தெரிந்துவிடும். மேட்ச் கேபிளில், படம் ஸ்டிக்கில் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

காசிமேடு பக்கத்து வீடுகளுக்குச் சோதனைக் காலம் ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை. மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். கடலுக்குப் போகிறவர் வீட்டில் இருப்பார், பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை, ஐபிஎல்லும் அதே நேரத்தில் ஓடும். இருப்பது ஒரு டிவி. ஸ்டிக் இந்தச் சண்டையைத் தீர்க்காது, தள்ளிப்போடும். சீரியல் ஆப்பில் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று தெரிந்தபின் அக்காவின் மாமியார் மேட்ச் நேரத்தை விட்டுக்கொடுத்துவிட்டு, மறுநாள் காலை பத்து மணிக்கு யாரும் இல்லாதபோது விளம்பரம் குறைவாகப் பார்த்துக்கொள்கிறார். இதை அவருக்குச் சொன்னது மாமா இல்லை, நான். மாமா சொல்லியிருந்தால் கேட்டிருக்க மாட்டார்.

ராத்திரி பார்க்கிறவர்கள் புளூடூத் ஹெட்செட்டை ஸ்டிக்கோடு இணைத்துக்கொள்ளலாம். அமைப்பில் ரிமோட், புளூடூத் இருக்கும் இடத்திலேயே வழி இருக்கும். காலையில் இணைப்பை எடுக்க மறந்தால் டிவியில் படம் மட்டும் ஓடும், சத்தம் உங்கள் பைக்குள் இருக்கும்.

நின்றுபோனால்

முதலில் ரௌட்டரின் விளக்கைப் பாருங்கள். எல்ஓஎஸ் என்ற இடத்தில் சிவப்பு எரிந்தால் ஃபைபர் ஒயரில்தான் கோளாறு. ஸ்டிக்கை நோண்டிப் பயனில்லை, இணைப்புக்காரருக்கு ஃபோன் செய்யுங்கள். கரண்ட் போய் வந்திருந்தால் இரண்டு மூன்று நிமிடம் பொறுங்கள். ஸ்டிக் சீக்கிரம் எழுந்துவிடும், ரௌட்டர் மெதுவாகத்தான் எழும். அதற்குள் 'நெட் இல்லை' என்று ஸ்டிக் பயமுறுத்தும். அடிக்கடி கரண்ட் போகிற தெரு என்றால் ரௌட்டருக்கு என்றே விற்கும் குட்டி யுபிஎஸ் வாங்கி வைக்கலாம்.

விளக்கு சரியாக இருந்தும் ஓடவில்லை என்றால் ஸ்டிக்கின் அடாப்டரை அணைத்து ஒரு நிமிடம் கழித்துப் போடுங்கள். ஃபயர் டிவி ஸ்டிக்கில் நடு பட்டனையும் ப்ளே பட்டனையும் சேர்த்து ஐந்து விநாடி அழுத்தினாலும் அதே பலன். ரிமோட் இணைப்பு விட்டுப்போனால் வீடு பட்டனைப் பத்து விநாடி பிடியுங்கள். ரிமோட்டே தொலைந்துபோனால், அதாவது சோபா விழுங்கிவிட்டால், ஃபோனில் அந்தக் கம்பெனியின் ஆப்பைப் போட்டு ரிமோட்டாக்கலாம். ஃபோனும் ஸ்டிக்கும் ஒரே வைஃபையில் இருந்தால் போதும். இந்த ஆப்பை இப்போதே அம்மா ஃபோனில் போட்டு ஒரு தடவை இணைத்து வையுங்கள். தொலைந்த அன்றைக்கு அவசரத்தில் தடுமாற வேண்டியிருக்காது.

ரூம் எடுத்துத் தங்குகிறவர்களுக்கு

விம்கோ நகர், மணலி பக்கம் நாலைந்து பேராக ரூமில் இருப்பவர்களுக்கு மேலே சொன்னதெல்லாம் பொருந்தும், ஆயா மட்டும் இல்லை. ஸ்டிக் ஒருவருடையது, நெட்ஃபிளிக்ஸ் ஒருவருடையது, நெட் இன்னொருவருடையது என்று பிரித்துக்கொள்வது வழக்கம். மாதக் காசு கணக்கைவிட, எவருடைய கார்டு எந்த ஆப்பில் சேமித்து இருக்கிறது என்பதை எழுதி வையுங்கள். யூடியூபில் யாரும் சொந்தக் கணக்கில் நுழையாமல் விருந்தினராகவே பாருங்கள், சிரிப்புக்கு இடம் குறையும்.

ரூமைக் காலி செய்யும்போது ஸ்டிக்கை எடுத்துக்கொண்டு போவோம், ஆனால் ரூம் டிவியே ஸ்மார்ட் டிவியாக இருந்தால் நம் கணக்கு அதிலேயே தங்கிவிடும். வெளியேறு என்பதை ஒவ்வோர் ஆப்பிலும் அழுத்துங்கள். மறந்துவிட்டு ஊருக்குப் போய்விட்டால், ஃபோனிலிருந்தே எல்லாக் கருவியிலிருந்தும் வெளியேறும் வழி கணக்கு அமைப்புகளில் இருக்கும். என் நண்பன் அதைச் செய்யாமல் விட்டான். அவன் காலி செய்து எட்டு மாதம் ஆகிறது. திருவொற்றியூரில் அந்த ரூமுக்கு அடுத்து வந்தவர் நல்ல ரசனை உள்ளவர் போலிருக்கிறது. அவர் பாதியில் நிறுத்திய படங்களைத்தான் இவன் இப்போது தொடர்ந்து பார்க்கிறான்.